நின்றுபோன எழுத்தை மீண்டும் தொடங்குவது: தோட்டப் பட்டணத்து எழுத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் விசாரித்துப் பார்த்தால், "நானும் ஒரு காலத்தில் எழுதினேன்" என்று சொல்லக்கூடியவர் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒருவராவது இருப்பார். ஞாயிறு பதிப்பில் இரண்டு மூன்று சிறுகதைகள், தீபாவளி மலரில் ஒரு கவிதை, வானொலிக்கு அனுப்பிய ஒரு நாடகம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். அதற்குப் பிறகு பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒன்றும் இருக்காது. இந்த வழிகாட்டி அவருக்கானது. புதிதாக எழுத வருகிறவருக்குச் சொல்லப்படும் அறிவுரை இவருக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இவருக்கு எழுதத் தெரியும். தன் பழைய எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய வரியை அளந்து பார்ப்பதால்தான் இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியாமல் போகிறது.

ஆகவே, கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: விட்ட இடத்திலிருந்து தொடர முயலாதீர்கள். ஈழத்து எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1964ஆம் ஆண்டு வந்தது. அடுத்தது 1995ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று வாசகர்கள் அவரை அறிந்திருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் வரவுக்குப் பிறகு அவர் எழுதியவற்றால்தான். இடைவெளிக்குப் பிறகு வருகிறவர் அனுபவத்தால் வேறொருவராகிவிட்டிருக்கிறார். அவர் எழுத வேண்டியதும் வேறொன்றாகவே இருக்கும்.

படி 1: ஏன் நின்றது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

கடைசியாக எழுதி முடித்த படைப்பு எது, அது எந்த ஆண்டு, அதன் பிறகு வீட்டிலும் வேலையிலும் என்ன நடந்தது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "நேரமில்லை" என்ற விடை முதலில் வரும். அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். இரவுப் பணிக்குப் போய்க்கொண்டும், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் எழுதியவர்கள் பலர் பின்னாளில் ஓய்வு கிடைத்தும் எழுதாமல் இருக்கிறார்கள் என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். நேரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும்.

அடிக்கடி காணக்கிடைக்கும் ஒரு காரணம், எழுத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் இல்லாமல் போனது. 1950ஆம் ஆண்டு 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். பத்திரிகையின் வழியாகவே பாடம் நடந்தது, எழுதிப் பழகியவர்களிலிருந்து ஒரு தலைமுறைச் சிறுகதையாளர்கள் வந்தார்கள். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் என்ற ஒருவர் எங்கோ கோலாலம்பூரில் நம் உறையைப் பிரிப்பார் என்ற நினைப்பே தோட்டத்து எழுத்தாளரை எழுத வைத்தது. 1924ஆம் ஆண்டு தொடங்கிய அந்த நாளிதழ் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. உங்கள் எழுத்து நின்ற ஆண்டும், நீங்கள் வழக்கமாக அனுப்பிய இதழ் நின்ற ஆண்டும் அருகருகே இருந்தால், உங்களுக்கு வேண்டியது ஊக்கம் தரும் பேச்சைவிட ஒரு புதிய வாசகர். படி 7 உங்களுக்கு முக்கியமானது.

இன்னொரு காரணம், எழுதிய பொருளே மறைந்துபோனது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் பழகிய கதை பால்மரக்காட்டுக் கதை, அதாவது ரப்பர் தோட்டத்துக் கதை: பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), நிரை (மரவரிசை), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), கண்டிப்பான கங்காணி, சம்பள நாளின் கள்ளுக்கடை, படித்து முன்னேறும் மகன். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்தார்கள். இன்று குலை வெட்டுகிறவர் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர். பழைய கதையை எழுதத் தெரிந்த கைக்கு இன்றைய காட்சி கதையாகத் தோன்றுவதில்லை. "எழுத ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதன் உள்ளே, "நான் எழுதியது போன்ற ஒன்றுமில்லை" என்பதுதான் இருக்கிறது.

மூன்றாவது, காயம். கதையில் வந்த பெரியப்பா தான்தான் என்று ஓர் உறவினர் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருக்கலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சக ஆய்வாளரோடு 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் மனக்காயத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்களுள் சிலர் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. உங்கள் காரணம் இதுவானால் அப்படி நான்கு நாள் எழுதி, யாருக்கும் காட்டாமல் தனியே வைத்துவிடுங்கள். அதைக் கதையாக்கும் வேலையை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

படி 2: பழைய தாள்களைக் காப்பாற்றுங்கள், ஆனால் படிக்காதீர்கள்

நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்திரிகை நறுக்குகள் நெடுநாள் தாங்குவதில்லை. வெள்ளிப்பூச்சி அரித்தது போக மிச்சமிருப்பது பழுப்பேறி மடிப்பில் உடையும். காலை வெளிச்சம் வரும் சன்னலோரம் மேசையில் தட்டையாக விரித்து, விளக்கைப் போடாமல், கைப்பேசியில் நேர்மேலிருந்து படமெடுத்து, கோப்புக்கு இதழின் பெயரும் தேதியும் இடுங்கள். பழைய கணினிக் கோப்புகளைத் திறக்கும்போது எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தால் அவை கெட்டுப்போய்விட்டன என்று எண்ண வேண்டாம். யுனிகோடு பரவுவதற்கு முன்னர் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அன்று பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் தெரிந்தால் எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

படமெடுத்து முடித்ததும் மூடி வையுங்கள். பழையவற்றைப் படித்தால் பாதிப்பு இரண்டு வகையில் வரும்: நன்றாக இருந்தால் "இனி இப்படி வராது" என்று தோன்றும், மோசமாக இருந்தால் "இதற்கா இத்தனை பெருமை" என்று தோன்றும். முதல் புதிய படைப்பு முடியும்வரை அந்தப் பெட்டிக்கு வேலையில்லை.

படி 3: நேரத்தை ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கேற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் புதிய செயலை ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு சேர்த்தே செய்தார்கள். நீங்களும் "தினமும் எழுதுவேன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதைவிட, "காலையில் பசியாறிய தட்டைக் கழுவி வைத்ததும் அதே மேசையில் இருபது நிமிடம்" என்று முடிவு செய்யுங்கள். பள்ளியில் வேலை பார்ப்பவர் பிள்ளைகள் போன பிறகு வகுப்பறையிலேயே உட்காரலாம். வீட்டில் தொலைக்காட்சி ஓய்வதே இல்லையென்றால், கடை முன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு மேசையும் ஒரு தே ஓவும் (பாலில்லாத் தேநீரும்) போதும். தெரிந்தவர் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார் என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

முதல் சில நாள் வருவது கொஞ்சமாகத்தான் இருக்கும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதாக இராது: புதிதாகப் பட்டை திறந்த மரத்தில் முதல் வெட்டுகளில் பால் கெட்டியாக வந்து சீக்கிரமே நின்றுவிடும், தொடர்ந்து வெட்ட வெட்டத்தான் பால் இளகி நெடுநேரம் ஓடும். இரண்டாம் நாளே மங்கு நிறையவில்லை என்று யாரும் மரத்தை விட்டுவிட்டுப் போனதில்லை.

எதில் எழுதுவது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். முன்பு கையால் எழுதியவர் 555 குறிப்புப் புத்தகத்திலேயே தொடங்கலாம். கைப்பேசியில் எழுத விரும்புகிறவருக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் தமிழ் விசைப்பலகைச் செயலி இருக்கிறது. தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் விசைப்பலகைகளும் இருக்கின்றன. பேசி எழுதும் முறை உரையாடலுக்கு நன்றாக உதவும். வருணனைக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து, ஏனென்றால் பேசும்போது நாம் காணாததையும் கண்டதுபோலச் சொல்லிவிடுகிறோம்.

படி 4: முதல் இரண்டு வாரம் கதை எழுத வேண்டாம்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லாருக்கும் ஆசை வரும். தாண்ட வேண்டாம். இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எழுத வேண்டியது நாளுக்கு ஒரு பொருளைப் பற்றிய பத்து வரி. அதில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றும் இருக்கக்கூடாது, ஒப்புமையும் கூடாது. கண், காது, மூக்கு, கை ஆகியவற்றுக்குத் தெரிந்தது மட்டும் வர வேண்டும்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நெடுநாள் கழித்து எழுத வருகிறவர் தான் பிறந்த தோட்டத்துக் கோயிலைப் பற்றி எழுதினால் அநேகமாக இப்படித் தொடங்குவார்: "காலத்தின் கோலத்தால் களையிழந்து நின்ற அந்த ஆலயத்தைக் கண்டதும் என் நெஞ்சம் கனத்தது." இந்த வரியை எழுத அந்தக் கோயிலுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. அதே இடத்தைப் பத்து வரிப் பயிற்சியாக எழுதினால் என்ன ஆகிறது பாருங்கள்: "லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. கோயிலின் மூன்று பக்கமும் மட்டை உரசுகிறது. பூசாரி செவ்வாயும் வெள்ளியும் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். மணியின் நாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதால், ஒரு பெரிய போல்ட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுவரில் உபயதாரர் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து வெள்ளி, மூன்று வெள்ளி என்று எழுதியிருக்கிறது. மூன்று வெள்ளி கொடுத்தவர்களே அதிகம்." இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை, ஆனால் அந்த போல்ட்டை யார் தேடி எடுத்து வந்து கட்டினார் என்று கேட்கத் தொடங்கினால் கதை அங்கேயே இருக்கிறது.

பழைய கையின் பழக்கங்கள் இந்தப் பயிற்சியில்தான் பிடிபடும். தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதிப் பயின்றவர்களிடமும், அதைவிட அதிகமாக அதைக் கற்பித்தவர்களிடமும், "கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்பி" என்ற தொடக்கம் விரல் நுனியிலேயே இருக்கும். அது தேர்வில் புள்ளி வாங்கித் தந்த தொடக்கம். எழுதியதில் அப்படிப்பட்ட தொடர்கள் வந்த இடங்களை அடிக்கோடிட்டு, அந்த இடத்தில் நீங்கள் உண்மையில் பார்த்தது என்ன என்று கேட்டு மாற்றுங்கள்.

பொருள் கிடைக்கவில்லை என்றால் சந்தைக்குப் போங்கள். இரவுச் சந்தையான பாசார் மாலாமில் முறுக்கு விற்கும் அம்மாவின் கை, ரயில் நிலையத்தில் ஈப்போவுக்குப் போகக் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளையின் பை, செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது உதிரும் பழம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். அந்த அவசரத்தை அறிந்து பார்த்தால் லாரியோட்டியின் முகம் வேறு மாதிரித் தெரியும்.

படி 5: பேச்சைக் கேட்டு எழுதுங்கள்

மூன்றாம் வாரத்தில் உரையாடலைச் சேர்த்துக்கொள்ளலாம். நாம் எழுத்தில் ஒரு தமிழும் ஒட்டுக்கடையில் ஒரு தமிழும் பேசுகிறவர்கள். நெடுநாள் எழுதாதவர் பாத்திரங்களைப் பேச வைக்கும்போது, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடரின் தமிழ் அவரை அறியாமலே நுழைந்துவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, அன்றன்று காதில் விழுந்த நாலு வரியை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவதுதான். ஒலிப்பதிவு செய்யாதீர்கள், அது முறையன்று, தேவையும் இல்லை, நினைவில் தங்காத பேச்சு கதைக்கும் உதவாது.

"அக்கா, ரெண்டு தே ஓ கோசோங், ஒரு மீ கோரேங் பூங்குஸ்."
"முட்ட போடவா தம்பி?"
"அப்பாவுக்குக்கா. வேணாம். டாக்டர் வேணாம்னுட்டாரு."
"அப்ப மீ மட்டும் திங்கச் சொன்னாராக்கும்."

இதில் கோசோங் என்பதற்கும் பூங்குஸ் என்பதற்கும் அடிக்குறிப்பு தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கும் இடத்தை வைத்துப் புரியும்; புரியாவிட்டாலும் நட்டமில்லை. கவனிக்க வேண்டியது, அந்த அக்கா என்னும் கடைக்காரர் ஒரே வரியில் அக்கறையையும் கிண்டலையும் எப்படிச் சேர்த்துவிடுகிறார் என்பதை. ஆட்களின் பெயர், வேலை, உறவு ஆகியவற்றைக் கதையில் மாற்றிவிடுங்கள். சிறிய பட்டணத்தில் கதையைப் படிக்காதவர்கூட, தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுவிடுவார்.

இக்காலத்தில் வாசிப்பும் வேண்டும், ஆனால் அளவோடு. ஒரு வாரத்துக்கு ஒரு சிறுகதையை மூன்று முறை படித்து, அதில் பிடித்த பத்தி ஒன்றைக் கையால் பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதாதிருந்த ஆண்டுகளில் நம் நாட்டில் எழுத வந்தவர்களை 'வல்லினம்' போன்ற இணைய இதழ்களில் தேடிப் படியுங்கள். அவர்களுடைய தோட்டம் நீங்கள் எழுதிய தோட்டத்தைப் போல இராது என்பதே அதில் படிக்க வேண்டிய பாடம்.

படி 6: ஒரு மணி நேரத்துக் கதை ஒன்றை முடியுங்கள்

இப்போது ஒரே இடம், இரண்டு பேர், ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடியும் நிகழ்ச்சி என்று வரையறுத்துக்கொண்டு ஐந்நூறு சொல்லில் ஒரு கதையை முடியுங்கள். நன்றாக வர வேண்டும் என்பதைவிட முடிய வேண்டும் என்பதே இங்கு நிபந்தனை. நெடுநாள் எழுதாதவரிடம் தொடக்கங்கள் நிறையக் குவியும். முடிக்கும் தெம்புதான் முதலில் போயிருக்கும். ஒவ்வொரு நாளும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே, வாக்கியத்தின் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் உட்காரும்போது தொடங்க ஓர் இடம் இருக்கும்.

வரலாற்று நாவல் என்ற ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவருக்கு அந்த ஆசை வருவது இயல்புதான்: 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் இவ்வூருக்கு அருகில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதைத் தொடர்ந்தே கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, அது 1960ஆம் ஆண்டுவரை நீடித்தது. அதற்கு முன் ஜப்பானியர் ஆட்சியில் 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் கதை பல குடும்பங்களில் இருக்கிறது. இவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆவணம் தேடுவது எழுதுவதைப் போலவே களைப்பைத் தரும், எழுதிய நிறைவையும் தந்துவிடும். மாதக்கணக்கில் பழைய நாளிதழ்களைப் புரட்டிவிட்டு ஒரு வரியும் எழுதாமல் இருக்க முடியும். வீட்டில் வயதான தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் சொல்வதை மட்டும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது காத்திருக்காது. மற்ற தேடலைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் உள்ள பழைய 'தமிழ் முரசு' இதழ்களிலிருந்து பிறகு தொடங்கலாம்.

கதை முடிந்த பிறகு பழைய பெட்டியைத் திறக்கலாம். அரைகுறையாக நின்ற பழைய கதையைத் தொடர்ந்து எழுதாமல், அதிலிருந்து ஒரு பாத்திரத்தையோ ஒரு நிகழ்ச்சியையோ மட்டும் எடுத்துக்கொண்டு புதிய தாளில் எழுதுங்கள்.

படி 7: ஒரு வாசகரைத் தேடி, பிறகு அனுப்புங்கள்

முதல் வாசகர் ஒருவர் போதும். கதையைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் கைகூப்பும் படங்கள் வந்து சேரும். அவற்றிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. படிக்கும் பழக்கமுள்ள, உங்களிடம் உள்ளதைச் சொல்லத் தயங்காத ஓர் அக்காவையோ அண்ணனையோ தேர்ந்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று குழப்பம் வந்தது?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அவர் சொல்லும் திருத்தம் சரியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பிறகு அனுப்புங்கள். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள், இணைய இதழ்கள், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, எழுத்தாளர் சங்கங்கள் அவ்வப்போது நடத்தும் போட்டிகள் என்று வழிகள் உண்டு. போட்டியின் நல்ல பயன் பரிசைவிட அதன் இறுதி நாள்தான். நாள்காட்டியில் குறித்துவிட்டால் அது பழைய ஞாயிறு ஆசிரியரின் வேலையைச் செய்யும். விதிகளில் சொல் எண்ணிக்கை, முன்பு வெளிவராத படைப்பு என்ற நிபந்தனை, உரிமை யாருக்கு என்ற வரி ஆகிய மூன்றையும் படித்துவிட்டு, யுனிகோடு எழுத்துருவில் ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை, வீட்டில் ஒரு கலியாணம் என்று எழுத்து மறுபடி நிற்கும் வாரங்கள் வரும். அப்போது விட்ட நாள்களைக் கணக்குப் பார்த்து ஈடுகட்ட முயலாமல், படி 4இன் பத்து வரிக்குப் போய் மூன்று நாள் அதை மட்டும் செய்துவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். கதையை அனுப்பிய அன்றே அடுத்த கதையின் முதல் பத்தியையும் எழுதி வைத்துவிடுங்கள். ஏனென்றால் முடிவு வர மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும், சில வேளைகளில் பதிலே வராமலும் போகும்.